பென்சிலில் பதினெட்டு, மையில் பத்து

என் அருமை மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், அப்பாவின் கடைவாய்ப் பல்லைத் தவிர. உன் நலத்தை நீ போனில் சொல்லும் "நல்லாத்தான் இருக்கேம்மா"வை வைத்து நான் முடிவு செய்வதில்லை, அதைச் சொல்வதற்கு முன் நீ எடுத்துக்கொள்ளும் மூச்சை வைத்துத்தான் முடிவு செய்கிறேன், அந்தக் கணக்குப்படி நீ பாதி நலம். பேசுவதற்குப் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் என்றால் நான் பாதி சொல்வதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் உன் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் பேச்சை மாற்றிவிடுவேன். இது மாற்றக்கூடாத பேச்சு. ஒரு கேவலமான காரியத்தைப் பற்றியது. அதைச் செய்த நான்கு பேரில் நானும் ஒருத்தி.

வீட்டுச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, இப்போது சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. அப்பா பல் மருத்துவரிடம் போகாமல் இருக்க தினம் ஒரு காரணம் கண்டுபிடிக்கிறார், நேற்றைய காரணம் மழை வரும் போலிருந்தது. சித்தி வீட்டு இரட்டையர்களுக்குப் பரீட்சை முடிவு வந்தது. இயற்பியலில் பெண் தொண்ணூற்று நான்கு, பையன் எழுபத்தொன்று. சித்தி போன் செய்து சொல்கிறாள், "அவ பாவம், விழுந்து விழுந்து படிச்சா. இவன் புக்கைத் தொடவே இல்லை, தொட்டிருந்தா நூறுதான்" என்று. அதாவது தொண்ணூற்று நான்கு வெறும் உழைப்பு, எழுபத்தொன்று மூளை. அதனால் மூளையைப் பொறியியலில் சேர்க்கிறார்களாம், உழைப்பை ஏதாவது லேசான படிப்பில் சேர்க்கிறார்களாம், கஷ்டப்படக்கூடாதாம் குழந்தை. அந்த மூளைக்கு வராத இருபத்தொன்பது மார்க் எங்கே போச்சுன்னு கட்டிலுக்கு அடியில தேடிப் பாருடி என்றேன். போனை வைத்துவிட்டாள். சித்தியைச் சொல்லி என்ன, நான் மட்டும் என்ன கிழித்தேன் என்பதைத்தான் எழுத வந்தேன்.

எங்கள் குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் கருவிப் பிரிவின் தலைவர் ஓய்வு பெற்றார். தண்ணீரில் ஈயம் எவ்வளவு, ஆர்சனிக் எவ்வளவு என்று அளந்து சொல்லும் இயந்திரங்களெல்லாம் அந்தப் பிரிவில்தான் இருக்கின்றன. அவை நின்றால், இந்த ஊர் என்ன குடிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நின்றால் ஓட வைப்பவள் ஒருத்தி, ஒன்பது வருடமாக. உதவியாளர்கள் வைத்த பெயர் ஊசி. பிழை எங்கே இருக்கிறதோ அங்கே நேராகப் போய்க் குத்துவாள் என்பதால். அந்தப் பதவிக்கு அவள் விண்ணப்பித்தாள். இரண்டு வருடத்துக்கு முன் சேர்ந்த ஒரு பையனும் விண்ணப்பித்தான், அவனுக்குப் பெயர் மைக். கூட்ட அறையில் ஒலிபெருக்கி கெட்டுப்போனால் யாரும் கவலைப்படுவதில்லை, இவன் இருக்கிறான். கெட்டவன் இல்லை. கருவிக்குள் இருப்பது என்னவென்று தெரியாதவன், அவ்வளவுதான், அது தெரியாது என்பதும் தெரியாதவன்.

தேர்வுக் குழுவில் நான்கு பேர். இயக்குநர், துணை இயக்குநர், நிர்வாக அதிகாரி, அப்புறம் விதிப்படி ஒரு பெண் உறுப்பினர். அந்தப் பெண் பிரிவுத் தலைவர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும், அவர் கையெழுத்து இல்லாத கோப்பு செல்லாது. பதினான்கு வருடமாக அந்தப் பெண் நான். ஆவணப் பிரிவுக்குத் தலைவி என்பதால். வேதியியலில் முதலிடம் வாங்கிக்கொண்டு உள்ளே போனவளை எதற்கு ஆவணப் பிரிவில் போட்டார்கள் என்று நீ சின்ன வயதில் ஒரு முறை கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார்கள். நானும் அதைப் பாராட்டு என்று நினைத்து வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

எங்கள் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுத்துத் தேர்வு, செய்முறை, அனுபவம் இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் முன்பே வந்துவிடும், அதில் யாரும் கை வைக்க முடியாது. குழுவிடம் மிச்சம் இருப்பது ஆளுமை என்று ஒரு பத்தி. ஆளுக்கு இருபது மதிப்பெண். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள், அதில் முதலில் பென்சிலால் போட வேண்டும். விண்ணப்பதாரர்கள் வெளியே போனதும் இயக்குநர் தன் எண்களைப் படிப்பார். பிறகு நிர்வாக அதிகாரியின் சட்டைப் பையிலிருந்து ரப்பர் வெளியே வரும். ஒரே ரப்பர், கை மாறும். எல்லாரும் அழித்து, அவர் எண்ணுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி மையில் எழுதுவோம். இயக்குநர் சொல்வார், "எல்லாரும் ஒரே ரேஞ்சுல இருந்தாத்தான் கோப்புக்கு அழகு." இதை நாங்கள் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சண்டை இல்லாமல் முடிகிறது பார் என்று நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

நேர்காணல் நடந்தது ஒரு புதன்கிழமை. மைக்கிடம் கேட்டார்கள், புதிதாகக் கருவி வாங்கச் சொன்னால் எதை வாங்குவாய் என்று. "இருக்கறதுலயே பெஸ்ட் எதுவோ அதை வாங்கலாம் சார்" என்றான். மூன்று தலைகளும் ஆடின, இதுவரை இருப்பதிலேயே மட்டமானதைத் தேடி வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று வழி கிடைத்த மாதிரி. துணை இயக்குநர் "தெளிவு இருக்கு பாருங்க" என்று என் காதில் சொன்னார். அடுத்து ஊசி வந்தாள். அவளிடம் கருவியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. குழந்தைக்கு எத்தனை வயது என்றார்கள். மாமியார் கூட இருக்கிறாரா என்றார்கள். நிர்வாக அதிகாரி, "லீவு நாள்ல மெஷின் நின்னுபோச்சுன்னா உங்களால வர முடியுமா?" என்றார். அவள் குரலை உயர்த்தாமல், "இதுவரைக்கும் வந்தது நான்தானே சார்" என்றாள். துணை இயக்குநர் தாளில் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன், எதிர்த்துப் பேசும் போக்கு என்று எழுதினார். இயக்குநர் அவள் போன பிறகு, "விஷயம் இருக்கு, ஆனா குரல் எழும்பலையே" என்றார். ஒரே வாக்கியத்துக்கு ஒருவர் எதிர்ப்பு என்கிறார், இன்னொருவர் குரலே இல்லை என்கிறார். இரண்டும் எப்படி ஒரே வாயிலிருந்து வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

நான் பென்சிலால் ஊசிக்குப் பதினெட்டு போட்டிருந்தேன். மைக்குக்குப் பதினொன்று. இயக்குநர் படித்தார், ஊசிக்கு ஒன்பது, மைக்குக்குப் பதினேழு. ரப்பர் வந்தது. என் முறை வந்தபோது நான் அழித்தேன். யாரும் மிரட்டவில்லை, பாப்பா. யாரும் என்னைப் பார்க்கக்கூட இல்லை. பதினெட்டை அழித்துப் பத்து, பதினொன்றை அழித்துப் பதினாறு. தாளில் விழுந்த ரப்பர்த் தூளை ஊதிவிட்டேன். அதன் பிறகு வராந்தாவில் ஊசியோடு நின்று டீ குடித்தேன், "நீ நல்லாப் பண்ணினேம்மா" என்று அவளிடம் சொன்னேன்.

மறுநாள் நீ போன் செய்தாய். உனக்கு ஞாபகம் இருக்கும், உன் வருடாந்தர மதிப்பீட்டைப் படித்துக் காட்டினாய். அனைவரோடும் இணக்கமாகப் பழகுகிறார், குழுவுக்கு உறுதுணையாக இருக்கிறார், தலைமைக்கான ஆளுமை இன்னும் உருவாகவில்லை. ஆஸ்பத்திரி ஸ்கேன் இயந்திரத்துக்கு நீ எழுதிய நிரலை வைத்துத்தான் அந்தக் குழுவே ஓடுகிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அது ஓடாத நாளெல்லாம் நீ எனக்குப் போன் செய்வதில்லை. நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், "என்கிட்ட ஆளுமை இல்லையாம்மா. எந்தக் கடையில விக்குதுன்னு கேட்டு ரெண்டு கிலோ அனுப்பி வை." நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் அது தோன்றியது. உன் தாளிலும் ஒரு பெண் கையெழுத்து இருக்கும். அங்கேயும் விதி இருக்கும், அங்கேயும் ஒருத்தி இருப்பாள், கண்ணாடி போட்டவள், அழகான கையெழுத்துக்காரி, தன் பெண்ணைப் பற்றி எல்லாரிடமும் பெருமை பேசுகிறவள். அவளைத் திட்டத் தோன்றினால் என்னைத் திட்டு.

வெள்ளிக்கிழமை கோப்பு கையெழுத்துக்கு வந்தது. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அந்தப் பக்கத்தில் மஞ்சள் ஒட்டுச்சீட்டு இருக்கும். பதினான்கு வருடமாக நான் அந்தப் பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அன்று முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். கோப்பைக் கொண்டு வந்த எழுத்தர் அம்மாள் பதறிப்போய், "மேடம், சீட்டு ஒட்டினது அங்க இருக்கு, கடைசில" என்றார். தெரியும் என்றேன். போட மாட்டேன் என்றும் சொன்னேன். அவர் ஏதோ எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு வந்தார்.

அன்று மதியம் பதிவறைக்குப் போனேன். ஆவணப் பிரிவில் போட்டதால் கிடைத்த ஒரே பயன், சாவி என்னிடம்தான். நான் கையெழுத்துப் போட்ட தேர்வுக் கோப்புகள் பன்னிரண்டு. எடுத்து மேசையில் பரப்பினேன். ஆறு வருடத்துக்கு முன் ஒருத்தி, கணீரென்று பேசுவாள், அவளுக்கு எழுதியிருந்தார்கள், குரல் உரக்க இருக்கிறது, அதிகாரத் தொனி, எட்டு. இப்போது ஊசிக்குக் குரல் எழவில்லை, ஒன்பது. ஒரு ஆண், சத்தமாகப் பேசுபவர், தலைமைக் குரல், பதினேழு. இன்னொரு ஆண், வாயையே திறக்காதவர், அவருக்கு அமைதியும் ஆழமும் உள்ளவர், பதினாறு. சோதனைக்கூடத்தில் ஒரே அளவு ஈயம் கலந்த இரண்டு தண்ணீர் மாதிரிகளை வைத்துப் பார்ப்போம், ஒரு குடுவைக்கு எப்போதும் அதிகமும் இன்னொரு குடுவைக்கு எப்போதும் குறைவும் காட்டினால் நாங்கள் தண்ணீரைக் குறை சொல்வதில்லை. கருவியை நிறுத்திவிடுவோம். கல்லூரிப் பிள்ளைக்குத் தெரிந்த இந்த விஷயம், அளப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நான்கு பேர் உட்கார்ந்த மேசையில் பதினான்கு வருடம் யாருக்கும் தோன்றவில்லை. படித்த முட்டாள்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. முட்டாள்தனம் என்றால் சில முறையாவது தவறிப்போய் பெண்கள் பக்கம் சாய்ந்திருக்கும். ஒரு முறைகூடச் சாயவில்லை.

எண்களைக் குறித்துக்கொண்டு வந்து அப்பாவிடம் கொடுத்தேன். முதலில் அவர், "எதுக்கு வம்பு? போட்டுட்டு வா. ரிட்டையர் ஆக இன்னும் நாலு மாசம்தானே" என்றார். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்த மனிதர். நான் தாளை மட்டும் பல் வலிக்கும் கன்னத்துப் பக்கமாக வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கோடு போட்டு, கட்டம் கட்டி உட்கார்ந்திருக்கிறார். மூன்று முறை கூட்டினார், முதல் இரண்டு முறை தான்தான் தப்பாகக் கூட்டிவிட்டதாக நினைத்தாராம். ஆளுமை என்ற பத்தியை எடுத்துவிட்டால் பன்னிரண்டில் ஐந்து பதவிகள் பெண்களுக்குப் போயிருக்க வேண்டும். போனது பூஜ்யம். அதைச் சொல்லிவிட்டு ஊசியின் எண்களை மறுபடி எடுத்துக் கூட்டிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னார். "மத்த மூணு பேர் போட்டது அப்படியே இருக்கட்டும். நீ மட்டும் அழிக்காம இருந்திருந்தா அவ நாலு மார்க்ல ஜெயிச்சிருப்பா." அதற்குப் பிறகு அவர் வம்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து வேடிக்கை. துணை இயக்குநர் வந்தார், எனக்கு ஓய்வு தேவைப்படுகிறது என்று கண்டுபிடித்தார். நிர்வாக அதிகாரி வந்தார், விதியைக் காட்டினார், அந்த விதியை அவருக்கே நான் படித்துக் காட்டினேன். கடைசியில் இயக்குநர் பழக்கூடையோடு வீட்டுக்கே வந்தார், நீ ஊருக்குப் போனபோதுகூட வராதவர். "நீங்க எங்க வீட்டுப் பொம்பளை மாதிரி" என்று ஆரம்பித்தார். அவர் வீட்டுப் பெண்களிடம் இப்படித்தான் கையெழுத்து வாங்குவார் போலிருக்கிறது. பெண்களுக்குப் பொறுமை அதிகம் என்றார், கருவி பக்கத்தில் மணிக்கணக்காக நிற்க அதுதான் வேண்டும் என்றார், "ஆனா தலைமைங்கறது வேற விஷயம் இல்லீங்களா" என்றார். பாப்பா, இந்தப் பாராட்டு வகையை நன்றாகக் கவனித்து வைத்துக்கொள். நுணுக்கமான விரல், பொறுமை, இணக்கம், அழகான கையெழுத்து. ஒவ்வொன்றும் உன்னை ஒரு நாற்காலியிலிருந்து எழுப்பி இன்னொரு ஸ்டூலில் உட்கார வைப்பதற்காகச் சொல்லப்படுவது. அப்பா பழக்கூடையைத் திருப்பிக் கொடுத்து, பல் வலி சார், கடிக்க முடியாது என்றார். அந்தப் பல்லால் நடந்த ஒரே நல்ல காரியம்.

நான் அசையவில்லை என்றதும் வேறு பெண்ணைத் தேடினார்கள். இங்கேதான் நீ சிரிக்க வேண்டும். பிரிவுத் தலைவர் நிலையில் இன்னொரு பெண் எங்கள் சோதனைக்கூடத்தில் இல்லை. எப்படி இருப்பாள், எனக்குப் பிறகு பதினான்கு வருடமாக ஒருத்தியையும் பதவியில் ஏற்றவில்லையே. பெண்ணை ஏற்ற வேண்டாம் என்று எழுதிய கோப்பில் கையெழுத்துப் போட ஏற்றப்பட்ட ஒரு பெண் வேண்டும், அவள் இல்லை. ஒரு வாரம் விதிப் புத்தகத்தைக் குடைந்தார்கள். அவசர நேரத்தில் அடுத்த நிலையில் மூத்த பெண் அலுவலரை அமர்த்தலாம் என்று ஒரு துணை விதி கிடைத்தது. நிர்வாக அதிகாரி உடனே பணிமூப்புப் பட்டியலைப் பார்த்து, மூத்த பெண் யாரோ அவருக்குக் கடிதம் அனுப்பிவிட்டார், பெயரைக்கூடச் சரியாகப் பார்க்காமல். ஊசி அந்தக் கடிதத்தோடு என் அறைக்கு வந்தாள். கருவிப் பிரிவுத் தலைவர் தேர்வுக் குழுவில் பெண் உறுப்பினராகப் பங்கேற்குமாறு அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடிதத்தை மேசையில் வைத்து, "எனக்கு நானே மார்க் போட்டுக்கலாமாம் மேடம். ஒரு பென்சில் இருந்தா குடுங்க" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தச் சொல்லி, அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பதினெட்டு, ரப்பர், பத்து, நாலு மார்க். அவள் நின்றுகொண்டே கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அல்லது பரவாயில்லை மேடம் என்பாள் என்று ஒரு அற்ப நப்பாசை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று, "அழிச்சதுக்கு அப்புறம்தானே என்கூட டீ குடிச்சீங்க?" ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். யார் யாரோ என்னை எத்தனையோ விதமாகத் திட்டியிருக்கிறார்கள், உன் அப்பா வழிப் பாட்டி உட்பட. இவ்வளவு சரியாக யாரும் அளந்ததில்லை.

மறுநாள் மறுப்புக் குறிப்பு எழுதினேன். அப்பா போட்ட கட்டங்களை இணைத்து, என் தாள் உட்பட நான்கு தாள்களையும் சேர்த்துத் தலைமையகத்துக்கு அனுப்பினேன். மூன்று வாரத்தில் விசாரணை அதிகாரி வந்தார், முழங்கால் வலியுள்ள ஒரு பெரியவர், நாற்காலியில் பக்கவாட்டாக உட்கார்ந்திருந்தார். நான்கு பேரையும் ஒரே அறையில் வைத்துக் கேட்டார். இயக்குநர் கூட்டு முடிவு என்றார். துணை இயக்குநர் பென்சில் வழக்கமே கிடையாது என்றார். அப்போது அந்தப் பெரியவர் என் தாளை எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். நான் பென்சிலை அழுத்தி எழுதுகிறவள், உனக்குத் தெரியும், உன் நோட்டில் வீட்டுப்பாடம் திருத்தினால் அடுத்த பக்கம் வரை பதியும். மையில் எழுதிய பத்துக்கு அடியில் பதினெட்டு பள்ளமாக இருந்தது. "இது என்ன?" என்றார். நான் எழுதினேன், நானே அழித்தேன் என்றேன். இயக்குநருக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா சார், பன்னண்டு கோப்புலயும் கையெழுத்து இவங்களோடது. அப்பல்லாம் வாயைத் திறக்கல. இப்ப ரிட்டையர் ஆகப் போற நேரத்துல நியாயம் பேசறாங்க." அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதை முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெரியவரிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

போன வாரம் ஆணை வந்தது. ஆளுமைப் பத்தி செல்லாது, மிச்ச மதிப்பெண்ணை வைத்து ஊசி கருவிப் பிரிவின் தலைவி. மைக் பழைய இடத்திலேயே. இயக்குநர், துணை இயக்குநர், நிர்வாக அதிகாரி மூவருக்கும் எதிர்காலத்தில் கவனமாக இருக்கும்படி வாய்மொழியாக அறிவுரை. பெண் உறுப்பினருக்கு, அதாவது எனக்கு, நீண்ட காலக் கடமை தவறியதற்காக எழுத்து மூலம் கண்டனம், பணிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், குழுவிலிருந்து நீக்கம். நான்கு பேர் சேர்ந்து செய்த காரியத்தில் தண்டிக்கத் தகுந்தவள் ஒரு பெண்தான் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது, அதிலும் பழக்கம் விடவில்லை. அப்பாவுக்குக் கோபம், மேல்முறையீடு செய் என்கிறார். செய்ய மாட்டேன். முப்பத்திரண்டு வருடப் பணிப் பதிவேட்டில் பொறுமையானவர், இணக்கமானவர் என்றே எழுதி வைத்திருந்தார்கள். முதல் முறையாக ஒரு உண்மையான வரி ஏறியிருக்கிறது, அதை நான் அழிக்கச் சொல்ல மாட்டேன்.

அந்த ஐந்து பெண்களுக்கும் கடிதம் போட நினைத்தேன். மூன்று பேர் முகவரிதான் கிடைத்தது, அவர்களுக்குப் போட்டேன். ஒருத்தி பதில் எழுதினாள், ஆறு வருடத்துக்கு முன் உரக்கப் பேசியதற்காக எட்டு வாங்கியவள், இப்போது வேறு ஊரில் ஏதோ அலுவலகத்தில் தட்டச்சுப் பார்க்கிறாள். இரண்டே வரி. என் குரலில் தவறில்லை என்று தெரிவித்ததற்கு நன்றி. அன்றிலிருந்து மெதுவாகப் பேசப் பழகிவிட்டேன், இனி மாற்ற முடியுமா என்று தெரியவில்லை. அந்தக் காகிதத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

உனக்கு நான் அறிவுரை சொல்லும் தகுதியில் இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க வரவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று அன்று பேச்சோடு பேச்சாகக் கேட்டாய். விடு, விடாதே, அது உன் இஷ்டம். விடுவதற்கு முன் அந்த மதிப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்கு. யார் என்ன போட்டார்கள், எதை வைத்துப் போட்டார்கள், உன் பக்கத்து நாற்காலிக்காரனுக்கு அதே பத்தியில் என்ன எழுதினார்கள் என்று கேள். தர மாட்டோம் என்றால் அதையே எழுத்தில் தரச் சொல். சிரித்துக்கொண்டு கேட்காதே, நீ சங்கடமான இடத்தில் சிரிக்கிறாய், அது என்னிடமிருந்து வந்த பழக்கம், விட்டுவிடு. இப்படி ஒரு குழுவில் என்றாவது ஒருநாள் உன்னையும் உட்கார வைப்பார்கள். அன்றைக்கு நேராக மையில் எழுது.

ஊசி திங்கட்கிழமை பொறுப்பேற்றாள். அவள் வருவாள், நன்றி சொல்வாள் என்று எழுத்தர் அம்மாள் காலையிலிருந்து என் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வரவில்லை. பதினோரு மணிக்கு அவள் பிரிவிலிருந்து ஒரு கட்டு வந்தது. என் பிரிவு பராமரிக்கும் கருவிச் சரிபார்ப்புப் பதிவேடு, மேலே ஒரு குறிப்பு. மூன்று மாதத் தேதிகள் தவறாக ஏறியுள்ளன, திருத்தி நாளை மாலைக்குள் அனுப்பவும். கீழே அவள் கையொப்பம், பதவியோடு. "பாத்தீங்களா மேடம் இவளுக்கு எவ்ளோ திமிரு, யாரால வந்த பதவின்னு மறந்துட்டா" என்றார் எழுத்தர் அம்மாள். அவள் வேலை தெரிந்ததால் வந்த பதவி என்றேன். பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தேன். மூன்று மாதமும் தப்பு, என் தப்பு. உட்கார்ந்து திருத்தினேன், மறுநாள் மாலைக்குள் அனுப்பிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணாடியை மாற்றச் சொல்லி மூன்று மாதமாகிறது, மாற்று. அப்பாவுக்கு நீ போன் செய்து பல் மருத்துவரிடம் போகச் சொன்னால் போவார், நான் சொன்னால் மழை வருகிறது. எதையும் தாங்கும் மனசு உனக்கு வேண்டாம், தாங்கக்கூடாததைத் தாங்காத மனசு இருக்கட்டும், நோய் நொடி இல்லாமல் இரு, நீ செய்த வேலைக்கு உன் பெயர் இருக்கட்டும். தாள் கிடைத்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பு, அப்பா கட்டம் போட்டுக் காத்திருக்கிறார்.

என்றும் உன் நினைவில்,
அம்மா